வங்கக் கடலைத் தாண்டி வந்து வீட்டுச் சுவரில் நிற்கும் இணையம்

சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூர் வரை வங்கக் கடலின் தரையில் கண்ணாடி இழை வடங்கள் கிடக்கின்றன. அவற்றுள் 2002இல் பயன்பாட்டுக்கு வந்த ஐ2ஐ வடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தக் கணக்கில் சிங்கப்பூர் போய்ச் சேர 16 மில்லிநொடி. போய்த் திரும்ப 32 மில்லிநொடி.

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில், முன்கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் பின்னறையில் இருக்கும் செல்போனுக்கும் இடையே பத்து மீட்டர்கூட இராது. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு அந்தப் பத்து மீட்டரைக் கடக்க ஒரு தரவுப் பொட்டலம் நூறு, இருநூறு மில்லிநொடி காத்துக் கிடக்க நேர்கிறது. "நெட் சுத்துது" என்று இணைப்பு கொடுத்தவருக்குப் போன் போடுகிறோம். "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார். சற்று நேரம் சரியாகிறது, மறுநாள் மறுபடி சுற்றுகிறது.

மாத்தூர், பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எம்.எம்.டி.ஏ. என்ற பெயரில் இயங்கிய காலத்தில் மனை பிரித்துக் கொடுத்த இடம். 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. சிறிய மனைகள், நெருக்கி எழுந்த வீடுகள், மாடியில் வாடகைக் குடித்தனம், தளத்துக்கு ஓர் இணைய இணைப்பு. செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அத்தனை ரவுட்டர்களும் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரவுட்டரில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பக்கம் உண்டு. அது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கானது என்று பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. நெருக்கமான தெருவில் அந்தப் பக்கத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நம் வீட்டோடு சேர்த்துப் பக்கத்து வீட்டின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் பெருக்கல் கணக்கும் தெரிந்தால் போதும், அந்தப் பக்கம் புரிந்துவிடும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்பது போல ஓர் எண் இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து அந்த எண்ணைத் தட்டினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வரும். எதையும் மாற்றும் முன் இருக்கிற அமைப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

காற்றில் மூன்றே மூன்று இடம்

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் 2005இல் அனுமதி கிடைத்தது. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ் இடம். புளூடூத் கருவிகள் இயங்குவதும் இதில்தான். மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசிவதும் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான்.

இந்த இடத்தை 13 சேனல்களாக எண்ணிட்டிருக்கிறார்கள். ஒரு சேனலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஆனால் ஒரு ரவுட்டர் பேசும்போது அடைத்துக்கொள்வது 20 மெகாஹெர்ட்ஸ். எனவே 3ஆம் சேனலில் பேசும் ரவுட்டரின் அலை 1 முதல் 5 வரை பரவிக் கிடக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை என்று உலகம் முழுக்க வழக்கத்தில் வைத்திருப்பது 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களை.

"1இலும் 6இலும் கூட்டமாக இருக்கிறதே, நடுவில் 3 காலியாக இருக்கிறதே, அங்கே போகலாம்" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வைஃபை கருவிகள் எல்லாமே பேசும் முன் கேட்கும். அதே சேனலில் வேறொரு கருவி பேசினால் அதன் தொடக்கக் குறியைப் புரிந்துகொண்டு, அது முடிக்கும்வரை பொறுத்து, பிறகு பேசும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் நம்முடையதும் ஒரே சேனலில் இருந்தால் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். வேகம் பங்காகும், ஆனால் பேச்சு கலங்காது. பாதி ஏறிய சேனலில் இருந்தாலோ அந்தத் தொடக்கக் குறி புரியாது. வெறும் இரைச்சலாகத்தான் காதில் விழும். இரைச்சலுக்காகப் பொறுத்து நிற்க, அது புரிகிற குறியைவிட 100 மடங்கு பலமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்தால் அதன் மேலேயே பேசத் தொடங்கும். இரண்டு பேச்சும் கெடும், இரண்டும் மறுபடி பேச வேண்டிவரும். 3ஆம் சேனலுக்குப் போனவர் 1இல் இருப்பவரையும் கெடுக்கிறார், 6இல் இருப்பவரையும் கெடுக்கிறார்.

அடுத்தது அகலம். 'சேனல் விட்த்' என்ற இடத்தில் 20, 40, ஆட்டோ என்று இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று படித்திருப்போம். சுற்றிலும் தென்னந்தோப்பு உள்ள தனி வீட்டில் அது நடக்கலாம். மாத்தூரில் 40 வைப்பவர் 83.5இல் ஏறக்குறைய பாதியைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொள்கிறார். அகலம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் இரைச்சலும் இரண்டு மடங்கு. இங்கே 20தான் சரி.

'ஆட்டோ' சேனல் இருக்கிறதே என்று கேட்கலாம். பல ரவுட்டர்கள் ஆன் ஆகும் வேளையில் மட்டுமே சுற்றிலும் பார்த்துச் சேனலைத் தேர்ந்தெடுக்கின்றன. கரண்ட் போய் வந்ததும் தெருவில் உள்ள எல்லா ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் எழுகின்றன. மற்றவை இன்னும் பேசத் தொடங்காத நிமிடத்தில் எடுத்த முடிவு, இரவு எட்டு மணி நெரிசலுக்கு எப்படிப் பொருந்தும்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சில நேரம் சரியாவதற்கும் இது ஒரு காரணம். அந்த நேரத்து நிலவரத்தைப் பார்த்துப் புதிய சேனல் கிடைத்திருக்கும்.

பெயரைச் சொல்வதிலேயே போகும் நேரம்

ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரை நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்தபடி இருக்கும். 1999இல் வந்த பழைய 'பி' வகைக் கருவிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, இந்த அறிவிப்பைப் பல ரவுட்டர்கள் 1 மெகாபிட் வேகத்தில் செய்கின்றன. 300 பைட் நீளமுள்ள அறிவிப்புக்கு அந்த வேகத்தில் 2.4 மில்லிநொடி ஆகும். ஒரே சேனலில் 20 பெயர்கள் கேட்கும் தெருவில் கணக்குப் போட்டால், 20 பெயர், பத்து முறை, 2.4 மில்லிநொடி: நொடிக்கு 480 மில்லிநொடி. யாரும் ஒரு வீடியோகூடப் பார்க்காத நேரத்திலும் காற்றில் பாதி போய்விட்டது.

'மோட்' என்ற இடத்தில் பி/ஜி/என் என்பதை ஜி/என் என்று மாற்றினால் அறிவிப்பு வேகம் 6 மெகாபிட்டுக்கு ஏறும். தெருவில் எல்லோரும் மாற்றினால் 480 மில்லிநொடி 80ஆகச் சுருங்கும். 'பி' மட்டுமே தெரிந்த கருவி இன்று வீடுகளில் அநேகமாக இல்லை. தேவையில்லாமல் உருவாக்கி வைத்த இரண்டாவது, மூன்றாவது வைஃபை பெயர்களையும் நீக்கிவிடலாம். மாடிக் குடித்தனக்காரருக்கோ விருந்தினருக்கோ தேவை என்றால் ஒரே ஒரு 'கெஸ்ட்' பெயர் போதும்.

ஃபுல் டவர் காட்டும், நெட் வராது

போனில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. காற்று காலியாக இருக்கிறதா என்று அவை சொல்வதில்லை. போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்றும் சொல்வதில்லை. ரவுட்டர் சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது, பலமாகப் பேச முடியும். போன் பேட்டரியைக் காப்பாற்ற மெதுவாகத்தான் பேசும். 'டிரான்ஸ்மிட் பவர்' உச்சத்தில் இருந்தால் பின்னறையில் கோடுகள் நிறைந்து தெரியும், ஆனால் போன் அனுப்பும் பதில் ரவுட்டரைச் சேராமல் போகலாம். அதே உச்ச சக்தி நாலு வீடு தள்ளி இருப்பவரையும் வாயடைத்து நிற்க வைக்கும். சிறிய வீட்டில் நடுத்தர அளவே நிறைவு.

ரவுட்டர் இருக்கும் இடமும் முக்கியம். கம்பி உள்ளே வந்த இடம் என்பதால் வாசல் மேல்தட்டிலோ, இரும்பு பீரோவின் தலையிலோ ரவுட்டரை வைத்துவிடுகிறோம். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அலையை விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இரண்டையும் செய்யும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பது எந்த அமைப்பு மாற்றத்தையும்விடப் பெரிய பலன் தரும். மாடிக்கு வேண்டும் என்றால் லேன் கம்பி இழுத்து இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் வைக்கலாம். அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரே வீட்டில் இருவர் கதவிலக்கம் போட்டது போலக் குழப்பம் வரும். கம்பியில்லாமல் ஒரே சேனலில் வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர், கேட்ட ஒவ்வொன்றையும் மறுபடி சொல்வதால் காற்றை இரு முறை செலவழிக்கிறது.

துறைமுகத்து ரேடாரும் 5 கிகாஹெர்ட்ஸும்

2018 அக்டோபரில் இந்தியா 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது. பழைய 83.5உடன் ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கு மேல். ஓர் ஆன்டெனா உள்ள போனுக்கு 2.4இல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 'என்' முறையில் கிடைக்கும் உச்ச இணைப்பு வேகம் 72.2 மெகாபிட். கைக்கு வருவது அதில் பாதியை ஒட்டித்தான். 100 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, 2.4இல் இணைந்த போனில் வேகத்தை அளந்துவிட்டு, நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சண்டை போடுவதில் பயனில்லை. டிவி, லேப்டாப், போன் மூன்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். அதன் அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர், 2.4இன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. சுவரைத் தாண்ட அது திணறும். நெருக்கமான தெருவில் அந்தக் குறையே நன்மை. நம் அலை நம் வீட்டோடு நிற்கும், அடுத்த வீட்டு அலை நம்மிடம் வராது.

இதில் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களைத் தேர்ந்தெடுத்தால் ரவுட்டர் உடனே பேசத் தொடங்காது. ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். ரேடார் ஒலித்தால் அந்தச் சேனலை விட்டு விலகிவிடும். உலகின் பல இடங்களில் வானிலை ரேடார்கள் 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவதால் வந்த ஏற்பாடு இது. வடசென்னையில் இருப்பவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: துறைமுகம் பக்கம்தானே, ரேடார் இடைஞ்சல் இருக்குமோ? சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் வானிலை ரேடார் 'எஸ்' வகை, 3 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இயங்குவது. கப்பல்களின் ரேடார்கள் 3 கிகாஹெர்ட்ஸை ஒட்டியும் 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் இயங்குபவை. இவை வைஃபை இருக்கும் இடத்தில் இல்லை. மாத்தூர் வீட்டு வைஃபையைத் திணறடிப்பது துறைமுகமும் அன்று, மணலி ஆலைகளும் அன்று. நம் தெருவின் ரவுட்டர்கள்தான்.

வரிசையில் நிற்கும் பொட்டலங்கள்

ஒருவர் கல்யாண வீடியோவை மேலேற்றுகிறார். அதே நேரம் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. வகுப்பில் குரல் விட்டு விட்டு வருகிறது. திட்டம் 20 மெகாபிட் மேலேற்று வேகம் தருவது, ரவுட்டரின் காத்திருப்பு நினைவகம் 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ அந்த நினைவகத்தை நிரப்பிவிட்டால், பின்னால் வரும் சின்னஞ்சிறு குரல் பொட்டலம் 8 மெகாபிட் கரையும்வரை நிற்க வேண்டும். அதாவது 400 மில்லிநொடி. சிங்கப்பூர் போய்த் திரும்பும் நேரத்தைப் போல் 12 மடங்கு, நம் வீட்டு அலமாரியிலேயே.

அமெரிக்கக் கணினியியலாளர் ஜிம் கெட்டிஸ் 2010ஐ ஒட்டி இந்த நோயை அடையாளம் காட்டினார். நினைவகம் மலிவானதால் கருவி செய்பவர்கள் வரிசையை நீட்டிக்கொண்டே போயிருந்தார்கள். கேத்லின் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வரிசையின் நீளத்தை அளக்காமல், ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அளந்து, அதிகம் போனால் அனுப்புகிறவரை மெதுவாக்கச் சொல்லும் முறை அது. பின்னர் வந்த முறைகள் சிறிய உரையாடல்களுக்குத் தனி வரிசையும் கொடுத்தன. உங்கள் ரவுட்டரில் 'எஸ்கியூஎம்' அல்லது 'கியூஓஎஸ்' என்று இருந்தால் அதை இயக்கி, வேக அளவைத் திட்டத்தின் உண்மையான வேகத்தில் 90 விழுக்காடு அளவுக்கு வைக்க வேண்டும். பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை நம் ரவுட்டரில் உருவாகும், நம் விதி அதன் மேல் செல்லும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். பேச்சு தெளிவாகும்.

கேமரா வெளியிலிருந்து தெரியாதது ஏன்?

மளிகைக் கடைக்காரர் சிசிடிவி வாங்கி, 'போர்ட் ஃபார்வர்டிங்' சரியாகப் போட்டும், வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை. குற்றம் அவர் மேல் இல்லை. பழைய ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. 2011 பிப்ரவரி 3 அன்று உலகத் தொகுப்பில் மிச்சமிருந்த கடைசிப் பகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் நடுவில் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசிப் பகுதியைத் தொட்டது. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்காகவே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான் ஐபி' அந்த வரம்புக்குள் இருந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். வீட்டில் என்ன அமைத்தாலும் பயனில்லை. தனி நிலையான ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது ஐபி பதிப்பு 6ஐ இயக்கலாம். அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி வந்துவிடுவதால் ரவுட்டரின் ஃபயர்வாலை அணைக்கவே கூடாது.

பூட்டாத கதவு

2017 ஜூலையில் பிஎஸ்என்எல் இணைப்புகளில் சுமார் 60,000 மோடங்கள் ஒரு தீநிரலால் முடங்கின. உள்ளே நுழைய அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'அட்மின்' என்று கடையிலிருந்து வந்தபடியே இருந்த மோடங்களைத் தேடிப் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இதே வழியில்தான், அறுபது சொச்சம் ஆயத்தக் கடவுச்சொற்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் அமைப்புப் பக்கக் கடவுச்சொல் வேறு. முதலாவதை மாற்றியவர்களில் பலர் இரண்டாவதைத் தொட்டதே இல்லை.

பொத்தான் அழுத்தி இணைக்கும் 'டபிள்யூபிஎஸ்' வசதியையும் அணைக்க வேண்டும். அதன் 8 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டும். மிச்சம் உள்ளதை ரவுட்டர் நான்கு, மூன்று எனப் பிரித்துச் சரிபார்க்கிறது. எனவே ஒரு கோடி முறை முயல வேண்டியது 11,000 முறையில் முடிந்துவிடும். இதை 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் வீபெக் வெளிப்படுத்தினார். பூட்டு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையேல் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். 'டிகேஐபி' என்ற பழைய வகை பாதுகாப்பும் தராது, வேகத்தையும் 54 மெகாபிட்டில் கட்டிப்போடும்.

பூட்டாத வைஃபையால் வரும் ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. 2008 ஜூலை அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் திறந்திருந்த வைஃபை வழியாகப் போயிருந்தது. காவல்துறை முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்.

தெருவுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று செய்ய வேண்டியவை சில. அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸையும் தேவையற்ற பெயர்களையும் அணையுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். 2.4ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 1, 6, 11 மூன்றில் ஒன்றில் வையுங்கள். பெரிய திரைகள் அனைத்தையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

மிச்சம் தெரு கூடிச் செய்ய வேண்டியது. தண்ணீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்று பேசும் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் காற்றைப் பற்றியும் பேசலாம். வரிசையில் முதல் வீடு 1, அடுத்தது 6, அதற்கடுத்தது 11, பிறகு மறுபடி 1. மாடி வீட்டுக்குக் கீழ்வீட்டிலிருந்து வேறுபட்ட எண். எல்லோருக்கும் நடுத்தர சக்தி. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கம்பி வழியாக வருவது நாம் தனித்தனியே பணம் கட்டி வாங்குவது. காற்று எல்லோருக்கும் பொதுச் சொத்து, அதை அளவோடு எடுத்துக்கொள்ளும் தெருவில்தான் எல்லா வீட்டிலும் இணையம் ஓடும்.